வீட்டுக்கு ஒரு ஆம்பிளை

கனகராயன்குளம்,
வியாழக்கிழமை.

அன்பு மகன் நிருஷனுக்கு அம்மா எழுதுவது,

குளக்கட்டுப் பிள்ளையார் உன்னை ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும், அந்தக் குளிருக்குள் வேலைக்குப் போய்வருகிற உன் உடம்பு சுகமாக இருக்கட்டும். என் சுகத்தைக் கேட்டால், மூச்சு வந்து போகிறது, பசித்தால் சாப்பிடுகிறேன், இருட்டினால் படுக்கிறேன், அவ்வளவுதான். நலம் என்று எழுத மனம் வரவில்லை, அப்பா போன வீட்டில் இருந்துகொண்டு அந்தச் சொல்லை எழுதினால் அது பொய். போனில் எடுத்தால் நீ கத்துகிறாய், நான் அழுகிறேன், சொல்லவந்த விசயம் இரண்டு பேருக்கும் நடுவில் விழுந்துபோகிறது, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். அக்கா மேனுகா வவுனியாவிலிருந்து வரும்போது இதைப் படம் பிடித்து உனக்கு அனுப்பச் சொல்வேன். என் எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும், பொறுமையாக வாசி.

முதலில் ஒன்றைச் செய். பேஸ்புக்கில் எழுதினதை எடு. அப்பாவின் படத்தைப் போட்டு, இவ்வளவு செய்த மனிசனின்ரை செத்தவீட்டுக்கு வராத நன்றிகெட்ட ஊர், இனி என்ரை அம்மா அதுக்குள்ளை தனிய என்று எழுதியிருக்கிறாயாம். பக்கத்து வீட்டு யதுர்ஷிகா குழந்தையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து வாசித்துக் காட்டினாள், மாமி, நன்றிகெட்ட ஊர் எண்டதைப் பொறுக்கலாம், தனிய எண்டு எழுதினதுதான் பயமாக் கிடக்கு என்றாள். உனக்கு விசரா மகன்? ஊரைத் திட்டுவதென்றால் திட்டு, அம்மா தனியாக இருக்கிறாள் என்று உலகத்துக்கே ஏன் பறையடிக்கிறாய்? அவள் வாசித்து முடிக்க முன்னமே நான் எழும்பிப்போய்ப் படலைச் சங்கிலி பூட்டியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தேன். அது நல்ல பட்டப்பகல், வெயில் எரித்துக்கொண்டிருந்தது. இப்படித்தான் எங்கள் சீவியம் போகிறது.

ஏன் சனம் வரவில்லை என்று கேட்டுக் கேட்டு அழுதாயே, அதற்கு வருகிறேன். அப்பா ஏன் அந்த மரண உதவிச் சங்கத்தைத் தொடங்கினார் என்று உனக்குத் தெரியும். கடைசிச் சண்டையில் உன் பெரியப்பாவை ஒரு சேலையில் சுற்றி, கையால் மண்ணைத் தள்ளி மூடிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் ஓடிவந்த மனிதன் அவர். மீளக்குடியேறி வந்து, தறப்பாள் கூடாரத்துக்குக் கீழே இருந்த நாட்களிலேயே ஊரைக் கூட்டி, இனி எங்கடை ஊரிலை ஒருத்தரும் தோள் இல்லாமல் போகக்கூடாது என்று சொன்னார். கதிரை வாங்கினார்கள், பந்தல் துணி வாங்கினார்கள், ஊருக்கே சமைக்கிற கிடாரம் வாங்கினார்கள். எந்தச் செத்தவீட்டிலும் பாடையின் முன்கொம்பு செல்வநாயகத்தாருக்குத்தான் என்று ஊரில் ஒரு பேச்சே இருந்தது. ஒரு வீட்டில் பிணம் கிடந்தால் மற்ற வீட்டில் அடுப்பு மூட்டமாட்டோம், கதவைச் சும்மா சாத்திவிட்டு எல்லாரும் அங்கே போய்விடுவோம், பிணம் எடுத்து, முழுகி, அதற்குப் பிறகுதான் வீடு என்று ஒன்று இருப்பது நினைவு வரும். அதைக் கள்ளர் கண்டுபிடித்துவிட்டார்கள். நல்லதம்பி அண்ணையின் செத்தவீட்டுக்கு ஓட்டோவில் ஒலிபெருக்கி கட்டி, கிரியை எத்தனை மணிக்கு, பிணம் எத்தனை மணிக்கு எடுக்கிறது என்று நாங்களே புளியங்குளம் வரைக்கும் அறிவித்தோம். வேறு யாருக்கு அறிவித்தோம் என்று பிறகுதான் தெரிந்தது. முழுகிவிட்டு ஈரத்தோடு வந்து பார்த்தால் வாய்க்கால் கரை வீடுகளில் அலுமாரிகள் திறந்து கிடக்கின்றன, நகை இல்லை, தண்ணி இறைக்கிற மோட்டர் இல்லை. அழுது வந்த வாயால் திரும்பவும் அழுதோம்.

பொலிசுக்குப் போனோம், எழுதினார்கள், யார் மேல் சந்தேகம் என்று கேட்டார்கள். ஊர் ஒரே வாயால் தயாபரனைச் சொன்னது. உனக்கு அவனை ஞாபகம் இருக்கும், வாய்க்கால் முடிகிற இடத்தில் கொட்டில் போட்டு இருக்கிறவன், கசிப்புக் குடித்த வெறியில் ஒருமுறை மோட்டர் களவெடுத்துப் பிடிபட்டு, சிறையில் மறியல் இருந்து வந்தவன். பாவம், அன்று காலை தொடக்கம் அவன் செத்தவீட்டுக் கிணற்றடியில் சங்கத்துக் கிடாரம் கழுவிக்கொண்டிருந்தான். அதை நாலைந்து பெண்கள் கண்டபடியால் தப்பினான். அதற்குப் பிறகு ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர் காவலுக்கு நிற்பது என்று வந்தது. யார் நிற்பது, பெண்கள்தானே. பேச்சியம்மா செத்துப்போன அன்று யதுர்ஷிகா குழந்தையோடு வீட்டில் நின்றாள். மோட்டார்சைக்கிளில் இரண்டு பேர், வெள்ளைச் சேட்டுப் போட்டுச் செத்தவீட்டுக்கு வந்த ஆட்கள் மாதிரியே படலையில் நின்று, அம்மா, செத்தவீடு எந்தப் பக்கம், தண்ணி ஒரு வாய் தருவியளோ என்று கூப்பிட்டிருக்கிறார்கள். செத்தவீட்டுக்கு வந்தவனுக்குத் தண்ணி இல்லை என்று சொல்கிற பிறவியா நாங்கள்? செம்பை எடுத்துக்கொண்டு போய்த் திறந்திருக்கிறாள். வாளைக் குழந்தையின் கழுத்தில் வைத்துவிட்டு இவளின் காதில் கிடந்ததைப் பிடித்து இழுத்திருக்கிறார்கள். அந்தக் காது இன்றைக்கும் இரண்டாகப் பிளந்துதான் கிடக்கிறது. குழந்தை இப்போதும் மோட்டார்சைக்கிள் சத்தம் கேட்டால் வீறிட்டு அழுகிறது, தகப்பனின் மோட்டார்சைக்கிள் சத்தத்துக்கும்தான்.

அதற்குப் பிறகுதான் அப்பா சங்கத்தைக் கூட்டி அந்தச் சட்டத்தைப் போட்டார். செத்தவீடு ஆர் வீட்டிலை நடந்தாலும் மற்ற வீடுகளிலை கட்டாயம் ஒரு ஆம்பிளை நிக்கவேணும், பொம்பிளையளைத் தனிய விட்டிட்டு ஒருத்தரும் வரக்கூடாது என்று தலைவராக நின்று சொன்னவர் உன் அப்பாதான். எல்லாரும் கை தூக்கினார்கள். யதுர்ஷிகாவின் காதைக் கண்ட பிறகு யார் மாட்டேன் என்பது. அன்று வீட்டுக்கு வந்ததும் நான் கேட்டேன், ஏனப்பா, இந்த ஊரிலை ஒரு வீட்டிலை இரண்டு ஆம்பிளை இருக்கிற வீட்டைக் காட்டுங்கோ பாப்பம், செத்தது பாதி, காணாமல் போனது பாதி, மிச்சம் கனடாவிலையும் பிரான்சிலையும், இருக்கிற ஒரு ஆம்பிளையும் வீட்டிலை நிண்டால் பாடை ஆர் தூக்கிறது என்று. அவர் சோற்றைப் பிசைந்தபடியே, செத்தவன் தன்ரை பாட்டைப் பாப்பான், முதல் உயிரோடை இருக்கிறவையைப் பாப்பம் என்றார். பிறகு ஒரு வருசமாக ஊரில் சாவு விழவில்லை. சட்டம் சும்மா கிடந்தது. வயல் வரம்பில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்த இவர்தான் அந்தச் சட்டத்துக்கு முதல் ஆள் என்று பிள்ளையார் எழுதி வைத்திருந்தாரே, என்ன சொல்ல. அவர் போட்ட சட்டத்தை அவருக்காகவே ஊர் ஒரு சொல் பிசகாமல் காத்தது.

அப்பாவின் செத்தவீட்டுக்குப் பெண்கள் கொஞ்சப்பேர் வந்தார்கள், அடக்கி அழுதார்கள், போகவேண்டும் போகவேண்டும் என்று றோட்டைப் பார்த்தார்கள். என் தாலிக்கொடியைக் கழற்றினபோது என்னைக் கட்டிப்பிடித்து அழுத ஒருத்தி காதுக்குள் சொன்னாள், அழாதையுங்கோ அக்கா, இனிக் கழுத்திலை ஒண்டும் இல்லை, உங்களிட்டை வரமாட்டாங்கள் என்று. ஆறுதலுக்குத்தான் சொன்னாள். அதைவிடக் கொடுமை என்னவென்றால் எனக்கும் அது ஆறுதலாகத்தான் இருந்தது. உன் அப்பா கட்டின தாலியைக் கழற்றுகிற நேரத்தில் பெற்ற வயிறும் கட்டின கழுத்தும் நினைக்கவேண்டிய நினைவா அது?

தூக்குகிற நேரம் வந்தது. சின்னப்பாவின் மகன் கிருசாந்தன் உனக்குப் பதிலாகக் கொள்ளி வைக்கிறவன், அவன் கையில் சட்டி, அதனால் தோள் கொடுக்க முடியாது. மேனுகாவின் புருசன் ஒரு கொம்பு. முல்லைத்தீவிலிருந்து மோட்டார்சைக்கிளில் மீன் கொண்டு வருகிற மரியநேசன், அன்று காலை ஒன்றும் தெரியாமல் ஹோர்ன் அடித்துக்கொண்டு வந்தவர், செத்தவீட்டு வாழைமரம் கட்டியிருப்பதைக் கண்டதும் மீன்பெட்டியை றோட்டுக் கரையில் பூவரசுக்குக் கீழே இறக்கிவிட்டு, கிணற்றில் கைகால் கழுவிக்கொண்டு வந்து நின்றார். நான் வேதக்காரன், யேசுவைக் கும்பிடுறவன், தொடலாமோ அக்கா என்று கேட்டார். தொடுங்கோ தம்பி என்று காலில் விழாத குறையாகச் சொன்னேன். முன்கொம்புக்கு வந்தவன் யார் என்று நினைக்கிறாய்? தயாபரன். விடியக் கருக்கலில் வந்தவன் முற்றம் கூட்டினான், தண்ணி அள்ளினான், ஆட்கள் பார்க்கிற இடமாகப் பார்த்துத்தான் நின்றான். நீ போய்க் கொஞ்சம் ஆறு தம்பி என்றதற்கு, இல்லை அக்கா, நான் எல்லாற்றை கண்ணுக்கும் முன்னாலை நிண்டால்தான் இண்டைக்கு ஊரிலை களவு போனாலும் என்னைச் சொல்லமாட்டினம் என்றான். பிறகு, அண்ணை என்னைக் கள்ளன் எண்டு ஒருநாளும் கூப்பிட்டதில்லை என்றும் சொன்னான். எது முதல் காரணம், எது இரண்டாவது என்று நான் கேட்கவில்லை. காவல் காக்க அவன் கொட்டிலில் ஒன்றுமில்லை, கதவே இல்லை, அதனால் அவனால் வரமுடிந்தது.

நாலாவது கொம்புக்கு ஆள் இல்லை. பாடை கொஞ்ச நேரம் நிலத்திலேயே கிடந்தது. அப்போது புளியங்குளத்திலிருந்து வந்த வீடியோக்காரர் கமராவை ஒரு கதிரையில் வைத்துவிட்டு வந்து குனிந்தார். இதைத்தான் உனக்குச் சொல்லவேண்டும் என்று இவ்வளவு நேரமும் எழுதிக்கொண்டு வருகிறேன். நீ பரிஸில் இருந்து வீடியோவில் பார்த்து நெஞ்சில் அடித்து அழுத அந்த வெறுங்கதிரைகள், ஆள் இல்லாத பந்தல், ஒரு அசைவும் இல்லாமல் நெடுநேரம் நின்ற படம், அது கமரா கதிரையில் இருந்து பார்த்தது. அதைப் பிடித்தவர் அப்பாவைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அதனால்தான் றோட்டில் நடந்ததை நீ காணவில்லை. நானும் காணவில்லை, பெண்கள் படலையோடு நின்றுவிட்டோம், மருமகன் வந்து சொன்னதுதான். வாய்க்கால் றோட்டு நெடுக ஒவ்வொரு படலையிலும் ஒரு ஆண் நின்றானாம். கையில் பொல்லு, சிலரிடம் காட்டுக்கத்தி. பாடை கிட்ட வரும்போது அதை வேலியில் சாத்திவிட்டு, தோளில் கிடந்த துவாயை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு கும்பிட்டார்களாம். சிலர் விம்மி அழுதார்களாம். பாடை கடந்ததும் திரும்பப் பொல்லை எடுத்தார்களாம். படலைக்கு வெளியே ஒருவரும் வரவில்லை. யதுர்ஷிகாவின் புருசன் மட்டும் தாங்கமுடியாமல் ஓடிவந்து மரியநேசனின் தோளை மாற்றக் கை வைத்திருக்கிறான், உள்ளேயிருந்து அவள் போட்ட கூச்சலில் அப்படியே விட்டுவிட்டுத் திரும்பி ஓடினானாம். சுடலை வரைக்கும் தோள் மாற்ற ஆள் இல்லை. தயாபரனின் தோள் தோலுரிந்துபோய்விட்டது. ஆக, அப்பாவுக்காக வராத சனம் இல்லை மகன். எல்லாரும் வந்தார்கள், தங்கள் தங்கள் படலை வரைக்கும் வந்தார்கள். நீ கோபிக்கிறாய், கோபிக்க ஒரு ஆள் இருக்கிறது என்று நினைக்கிறாய். எனக்கு அதுவும் இல்லை. யாரைக் கோபிப்பது? அவர்களையா, அப்பாவையா, அந்தச் செம்பில் தண்ணி கொண்டுபோன பெண்ணையா?

அன்று ஊரில் ஒரு களவும் போகவில்லை. அதைத்தான் எல்லாரும் எட்டாம் நாள் எட்டுச்செலவுக்கு வந்து பெருமையாகச் சொன்னார்கள், அண்ணையின்ரை சட்டத்தாலைதான் தப்பினம் என்று. சொல்லிவிட்டு ஒருவரும் இருந்து தேத்தண்ணி குடிக்கவில்லை. இப்போது ஊரில் கதை குறைந்துவிட்டது. யாருக்கு எந்தப் பிள்ளை என்ன அனுப்பினது என்று முன்பெல்லாம் வேலிக்கு மேலால் கூவிச் சொல்வோம், இப்போது புதுச்சேலை உடுத்தாலும் மறைக்கவேண்டியிருக்கிறது. அலுமாரி எந்த அறையில் இருக்கிறது என்று வெளியாளுக்கு எப்படித் தெரியும், எங்களில் ஒருவர்தானே சொல்லியிருக்கவேண்டும் என்று எல்லாருக்கும் எல்லார் மேலும் ஒரு கண். வெளியில் இருந்து வருகிறவனுக்கு வாளும் மோட்டார்சைக்கிளும் இருக்கிறது, உள்ளே இருக்கிற நாங்கள் ஒருவரை ஒருவர் பார்க்கிற பார்வையே போதும். நீ கமரா பூட்டு என்கிறாய். பூட்டினால் கள்ளனைப் பார்க்கலாம், பிடிக்கலாமா? நீ பரிஸில் இருந்து டேய் என்று கத்தினால் அவனுக்கு இங்கே கேட்குமா? மேனுகா வவுனியாவுக்கு வரச் சொல்கிறாள். அவள் வீட்டு ஒழுங்கைத் தெருவிலும் போன கிழமை சங்கிலி அறுத்தார்களாம். பிறகு எங்கே ஓடுவது, ஓடி ஓடித்தானே இந்த வளவுக்கு வந்தோம். சிறுபோகம் விதைக்கவில்லை, வயல் சும்மா கிடக்கிறது. சிவலைப் பசு கன்று போட்டிருக்கிறது, ஆண்கன்று, நாம்பன். மற்றப்படி எழுத ஒரு நல்ல சேதியும் இல்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி கிட்டுகிறது. ஊரைக் கூப்பிட்டு இலை போடவேண்டும், இல்லாவிட்டால் அவர் பசியோடு போவார். கூப்பிட்டால் எப்படி வருவார்கள், வந்து அப்பாவின் சோற்றைத் தின்கிற நேரம் ஒரு வீடு உடைபட்டால் அந்தப் பாவம் யாருக்கு? யோசித்து யோசித்து ஒரு வழி கண்டேன். சனத்தால் வரமுடியாவிட்டால் நான் போகிறேன், அன்று அவர் போன றோட்டால் படலை படலையாகச் சோறு கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்று நினைத்தேன். நினைக்கவே நெஞ்சு கொஞ்சம் லேசானது. ஆனால் மருமகனும் கிருசாந்தனும் கிரியைக்காகக் கீரிமலைக் கடலுக்குப் போய்விடுவார்கள், நானும் மேனுகாவும் சோற்றோடு போனால் எங்கள் வீட்டில் யார் நிற்பது? சட்டம் எங்களுக்கும்தானே. தயாபரனிடம் போய்க் கேட்டேன். தம்பி, அந்தியேட்டியண்டு எங்கடை வீட்டிலை ஆம்பிளையாய் நீர் நிக்கிறீரோ என்று. அவன் தலையைக் குனிந்துகொண்டு, வேண்டாம் அக்கா, ஒரு கரண்டி காணாமல் போனாலும் ஊர் என்னைத்தான் பிடிக்கும், நீங்கள் பிடிக்கமாட்டியள், ஊர் பிடிக்கும் என்றான். அவன் வேண்டாம் என்றதும் எனக்குள்ளே அப்பாடா என்று ஒரு நிம்மதி வந்தது மகன். அலுமாரித் திறப்புச் சாவி இடுப்பில் சொருகியிருந்தது, நான் அவனிடம் கேட்கும்போதே என் கை அதைப் பொத்திக்கொண்டு இருந்திருக்கிறது. அவன் அந்தக் கையைப் பார்த்தான். பார்த்துவிட்டுத்தான் வேண்டாம் என்றானோ தெரியாது. தோலுரிந்த தோள் இன்னும் காயவில்லை, துவாயால் மூடிக்கொண்டு நின்றான்.

ஆகவே ஊருக்குச் சொல்லப்போவதில்லை. ஐயர் வருவார், மேனுகா சமைப்பாள், கதவைச் சாத்திவிட்டு நாங்களே சாப்பிடுவோம். காகத்துக்கு வைக்கிற பிடிக்கு மட்டும் குசினிக் கதவைத் திறப்போம். ஊருக்கே தோள் கொடுத்த மனிதனின் அந்தியேட்டிச் சோற்றைக் கதவைப் பூட்டிக்கொண்டு தின்கிற குடும்பம் என்று எங்களுக்குப் பேர் வரட்டும். அவர் கேட்டால் சொல்வேன், உயிரோடை இருக்கிறவையைத்தான் பாத்தனாங்கள் என்று.

நீ அழுதுகொண்டு வேலைக்குப் போகாதே, சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு, தலைக்கு எண்ணெய் வை. உன் விசா சரிவரவேண்டும் என்று பிள்ளையாருக்கு நேர்ந்திருக்கிறேன், அவர் அதையாவது கேட்பார். அப்பாவும் மேலே இருந்து உன்னை ஆசீர்வதிப்பார், நீண்ட ஆயுளோடும் நோய்நொடி இல்லாமலும் இரு ராசா. பேஸ்புக்கில் எழுதினதை இன்றைக்கே எடு.

இன்னொன்றையும் மறந்துவிடாதே. விசா கிடைத்து நீ வருகிற நாளில் சொல்லிவிட்டு வா. வெளிநாட்டுப் பிள்ளைகள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து படலையில் நின்று கூப்பிட்டு, தாய்மார் ஓடிவந்து அழுகிறதை வீடியோ எடுக்கிறார்கள், நீயும் அப்படி ஆசைப்பட்டு வந்துவிடாதே. படலையில் நின்று அம்மா என்று கூப்பிட்டால் நான் வரமாட்டேன். உன் குரல்தான் என்று தெரிந்தாலும் திறக்கமாட்டேன் மகன்.

உன்னைப் பெற்றவள்,
அருந்ததி செல்வநாயகம்